2,300 நியூட்டன் மீட்டர் இருந்தால் வான் ரீனன் ஏறிவிடுமா?

தம்பி கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டர்பனில் குடும்பமாகச் சேர்ந்து கண்டெய்னர் ஓட்டம் ஆரம்பிக்கப் போகிறார்கள். துறைமுகத்தில் ஏற்றி, என்3 சாலை வழியாக வான் ரீனன் கணவாய் ஏறி, ஜோஹன்னஸ்பர்க் சிட்டி டீப் கண்டெய்னர் முனையத்தில் இறக்க வேண்டும். சூப்பர்லிங்க் (ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு டிரெய்லர்) கட்டினால் எல்லாம் சேர்த்து 56 டன். பழைய ஹார்ஸ் (டிரெய்லரை இழுக்கும் முன்வண்டி) இரண்டு பார்த்து வைத்திருக்கிறார்கள். முதல் வண்டி 440 குதிரைத்திறன், 2,200 நியூட்டன் மீட்டர் டார்க். அந்த டார்க் 1,000 முதல் 1,400 ஆர்.பி.எம். வரை ஒரே மட்டமாக நிற்கிறது. இரண்டாவது 420 குதிரைத்திறன், 2,300 நியூட்டன் மீட்டர், ஆனால் அது 1,200-ல் ஒரு உச்சியாக வந்துவிட்டு இரண்டு பக்கமும் சரிகிறது. இரண்டாவது வண்டியை விற்பவர், "இழுப்பது டார்க்தான், குதிரைத்திறன் எல்லாம் பேப்பரில் போடுவதற்கு" என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் டார்க் கூடிய வண்டியைத்தானே வாங்க வேண்டும் என்பது கேள்வி.

இரண்டும் இழுக்கும், அதில் சந்தேகம் வேண்டாம். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, அதே சுமையை எந்த வேகத்தில், எத்தனை முறை கியர் மாற்றி, எவ்வளவு டீசல் குடித்து மேலே கொண்டுபோகும் என்பதுதான். நான் டீசல் மெக்கானிக்காகப் படித்து, பிறகு ஜேக்கப்ஸ் பக்கம் கனரக வண்டிப் பணிமனையிலேயே காலம் தள்ளுகிறவன். எஞ்சின் வடிவமைப்பவன் கிடையாது. ஆகவே கணக்கில் உறுதியாக நிற்பதை ஒரு மாதிரியும், பணிமனை அனுபவத்தில் தோன்றுவதை வேறு மாதிரியும் பிரித்தே சொல்கிறேன்.

டார்க்கும் குதிரைத்திறனும் இரண்டு தனிப் பொருள்கள் மாதிரி பேசுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. கிணற்றில் நீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வாளி கனமாக இருந்தாலும் கயிற்றை இழுக்க முடிகிறதா என்பது டார்க். ஒரு மணி நேரத்தில் எத்தனை வாளி மேலே வருகிறது என்பது திறன். கை வலு குறைந்தவன் கப்பியை மாற்றிக்கொண்டு அதே வாளியைத் தூக்கிவிடலாம், ஆனால் மெதுவாகத்தான் வரும். லாரியில் அந்தக் கப்பி வேலையைச் செய்வது கியர்பாக்ஸும் டிஃப்பும் (பின் அச்சில் இருக்கும் டிஃபரென்ஷியல்). டார்க்கை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட் வந்துவிடும். அதாவது டார்க் வளைவு (எந்த ஆர்.பி.எம்.மில் எவ்வளவு டார்க் என்று காட்டும் கோடு) தெரிந்தால் திறன் வளைவும் தெரிந்த மாதிரிதான். ஒன்றை நம்பி மற்றதைப் பேப்பர் என்று ஒதுக்க முடியாது.

இப்போது ஒரு ஏற்றத்தைக் கணக்குப் போடுவோம். 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 56 டன்னை அந்தச் சரிவில் பின்னால் இழுக்கும் விசை ஏறக்குறைய 27,500 நியூட்டன். டயர் உருளும் தடை இன்னும் 3,300 சேரும். மெதுவான வேகத்தில் காற்றுத் தடை பெரிதில்லை, விட்டுவிடலாம். மொத்தம் 30,800. முதல் வண்டியின் எஞ்சின் 1,400-க்கு மேல் கொடுக்கும் திறன் 323 கிலோவாட். கியர்பாக்ஸிலும் டிஃப்பிலும் பத்தில் ஒரு பங்கு போனால் சக்கரத்துக்கு 290. அதை விசையால் வகுத்தால் மணிக்கு 34 கிலோமீட்டர் வருகிறது. இரண்டாவது வண்டியின் 309 கிலோவாட்டுக்கு இதே கணக்கைப் போட்டால் 32, 33 கிலோமீட்டர். 10 கிலோமீட்டர் நீளத்துக்கு இப்படியே ஏற்றம் இருந்தாலும் இரண்டு வண்டிக்கும் இடையில் ஒரு நிமிடம்கூட வித்தியாசம் வராது. இந்தக் கணக்கில் உச்ச டார்க் எண் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். சரியான கியர் கிடைத்தால், ஏறும் வேகத்தைத் தீர்மானிப்பது திறன் ஒன்றுதான். இது உறுதியான இயற்பியல், கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. இந்த நாட்டுச் சாலை விதியும் அப்படித்தான் பார்க்கிறது. எஞ்சினின் கிலோவாட்டை 240-ஆல் பெருக்கி வரும் கிலோவுக்கு மேல் மொத்த எடை போகக்கூடாது. 56 டன்னுக்கு 233 கிலோவாட்டாவது வேண்டும். உங்கள் இரண்டு வண்டியும் அதைத் தாராளமாகத் தாண்டுகின்றன. டார்க்கைப் பற்றி அந்த விதி பேசுவதே இல்லை.

அப்படியென்றால் டார்க் வளைவு எதற்கு என்று கேட்பீர்கள். அந்தத் திறனை ஓட்டுநர் எவ்வளவு எளிதாக எடுத்துப் பயன்படுத்த முடிகிறது என்பதை வளைவின் வடிவம்தான் சொல்கிறது. என்னைக் கேட்டால், உச்சி எவ்வளவு உயரம் என்பதைவிட உச்சிக்கு வலப்பக்கமும் (ஆர்.பி.எம். கூடும் பக்கம்) இடப்பக்கமும் (குறையும் பக்கம்) என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வலப்பக்கம் முதலில். முதல் வண்டி 1,800 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது அதன் டார்க் 1,710 சுற்றளவில் இருக்கும். சரிவு கூடி வண்டி சோர்ந்து 1,400-க்கு இறங்கும்போது டார்க் 2,200-க்கு ஏறிவிடுகிறது. வேகம் குறையக் குறைய இழுவை கூடுகிறது, ஆகவே வண்டி ஒரு இடத்தில் தானாகவே பிடித்து நின்று ஏறும். இந்த ஏற்றம் முதல் வண்டிக்கு 28 விழுக்காடு. இரண்டாவது வண்டி 1,900-ல் 1,550 கொடுத்து 1,200-ல் 2,300-க்கு வருகிறது, கிட்டத்தட்ட 48 விழுக்காடு. இந்த ஒரு விஷயத்தில் அதுதான் பிடிவாதக்காரன். பழைய ஓட்டுநர்கள் அப்படிப்பட்ட எஞ்சினைப் புகழ்வதற்கு இதுவே காரணம், விற்பவர் வெறும் வாயைப் பேசுகிறார் என்று நான் சொல்லமாட்டேன். சரியாக 1,200-ல் வைத்துப் பார்த்தால் இரண்டாவது வண்டி முதலாவதைவிட ஒரு கிலோமீட்டர் வேகமாகக்கூட ஏறும்.

இடப்பக்கம் வந்தால் கதை மாறுகிறது. உச்சிக்குக் கீழே ஆர்.பி.எம். இறங்க இறங்க டார்க்கும் கூடவே விழுகிறது. வேகம் குறைந்தால் இழுவை குறையும், இழுவை குறைந்தால் வேகம் இன்னும் குறையும். முதல் வண்டிக்கு அந்தப் பள்ளம் 1,000-க்குக் கீழேதான் தொடங்குகிறது. இரண்டாவதுக்கு 1,200-லேயே தொடங்கிவிடும். அது 1,000-ல் எவ்வளவு கொடுக்கும் என்று நீங்கள் எழுதவில்லை. இப்படி உச்சியாக வரும் எஞ்சின்களில் 1,950 இருந்தால் நல்ல நிலை என்று எடுத்துக்கொள்வேன். அங்கே திறன் 204 கிலோவாட்தான். 1,200-ல் 289 இருந்தது. இருநூறு ஆர்.பி.எம். தூங்கிவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் திறன் போய்விடுகிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் டவுன் ஹில் (Town Hill) ஏற்றத்தில் முன்னால் போகும் வண்டி திடீரென்று மெதுவானால் இதுதான் நடக்கும். முதல் வண்டியின் ஓட்டுநர் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். இரண்டாவது வண்டியின் ஓட்டுநர் உடனே கியர் இறக்கியாக வேண்டும்.

கியர் இறக்குவதில் என்ன நஷ்டம் என்று தோன்றும். 5 விழுக்காடு சரிவில் 56 டன் ஏறிக்கொண்டிருக்கும்போது கிளட்ச் விலகிய ஒவ்வொரு நொடிக்கும் மணிக்கு 2 கிலோமீட்டர் வேகம் போகிறது. சரிவு 7 விழுக்காடானால் கிட்டத்தட்ட 3. முப்பதில் போகிற வண்டிக்கு அது சின்னத் தொகை இல்லை. 12 கியர் பெட்டியில் ஒரு கியருக்கும் அடுத்ததுக்கும் உள்ள படி சுமார் 1.28 மடங்கு. முதல் வண்டியை 1,100-ல் வைத்து ஒரு கியர் இறக்கினால் எஞ்சின் 1,400-ல் போய் உட்காரும். இரண்டு இடத்திலும் டார்க் முழுதாக இருக்கிறது. மாற்றும்போது கொஞ்சம் வேகம் போனாலும் அந்த மட்டமான பகுதிக்குள்ளேயே விழும். அகலமான டார்க் பகுதி என்று விற்பனைக்காரர்கள் சொல்வதன் உண்மையான பயன் இது. பகுதியின் அகலம் கியர் படியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 16 கியர் கைமாற்றுப் பெட்டியில் படிகள் சிறியவை, சுமார் 1.2. குறுகிய உச்சி உள்ள எஞ்சினை அந்தப் பெட்டியோடு, தெரிந்த ஓட்டுநர் கையில் கொடுத்தால் நன்றாகவே ஓடும். ஆனால் சம்பளத்துக்கு யார் ஓட்டப் போகிறார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். நல்ல ஓட்டுநர் கிடைத்தாலும் அவர் உங்களிடமே நிலைத்து இருப்பார் என்று எந்த எஞ்சினும் உத்தரவாதம் தராது.

நீங்கள் எழுதாமல் விட்டது, ஆனால் நான் முதலில் கேட்கக்கூடியது, டிஃப் விகிதம், அதாவது ப்ரொபெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்ற எண். இந்த நாட்டில் கனரக லாரிக்கு வேக வரம்பு மணிக்கு 80. அந்த 80-ல், மேல் கியர் நேரடியாக ஒன்றுக்கு ஒன்று என்று வைத்தால், வழக்கமான 22.5 அங்குல டயரோடு டிஃப் 3.4 இருக்கும் வண்டியில் எஞ்சின் சுமார் 1,440 சுற்றும். டிஃப் 4.1 என்றால் 1,740. உங்கள் முதல் வண்டியில் 3.4 இருந்தால் பெரிய சமதளங்களில், ஹாரிஸ்மித் தாண்டிய ஃப்ரீ ஸ்டேட் வயல்வெளி முழுக்க, டார்க் மேட்டின் வலது விளிம்பிலேயே மிதந்துகொண்டு போகும். சின்ன ஏற்றத்துக்கு கியர் மாற்றவே வேண்டாம், டீசலும் மிச்சம். இரண்டாவதில் 4.1 இருந்தால் அதன் 2,300 எங்கோ 500 ஆர்.பி.எம். கீழே கிடக்கும், 80-ல் ஓடும்போது அது உங்களுக்குக் கிடைக்காது. டிஃப் பெருக்கல் கூடுதல் என்பதால் சக்கரத்தில் அதிகம் வருமே என்று சிலர் வாதிடுவார்கள். போட்டுப் பாருங்கள். 80-ல் முதல் வண்டி சக்கரத்துக்கு அனுப்புவது 2,137 பெருக்கல் 3.4, அதாவது 7,270. இரண்டாவது 1,675 பெருக்கல் 4.1, அதாவது 6,870. கிலோவாட் எதில் கூடுதலோ அதுவே அந்த வேகத்தில் கூடுதலாக இழுக்கும்.

4.1 மாதிரி எண் கூடிய டிஃப்புக்கும் ஒரு நல்ல இடம் உண்டு, அது புறப்படும் இடம். முதல் கியர் 15, டிஃப் 3.4 என்றாலே எஞ்சின் டார்க் 51 மடங்காகிறது. கிளட்ச் விடும்போது எஞ்சின் 800 ஆர்.பி.எம். பக்கத்தில்தான் இருக்கும். அங்கே 100 நியூட்டன் மீட்டர் கூடுதலாக இருந்தால் டயர் சாலையைத் தொடும் இடத்தில் கிட்டத்தட்ட ஒரு டன் கூடுதல் இழுவை. ஆகவே உச்ச டார்க்கைக் கேட்பதைவிட 800-ல் எவ்வளவு என்று கேளுங்கள். விளம்பரத் தாளில் அது இருக்காது, தயாரிப்பாளரின் வளைவுப் படத்தில் இருக்கும். இதற்கும் ஒரு எல்லை உண்டு. இயக்கும் இரண்டு அச்சின்மேல் 18 டன் இருந்தால், சேறும் எண்ணெயும் படிந்த யார்டு வாசலில் டயர் பிடிப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இறங்கும்போது, 9, 10 விழுக்காடு சரிவிலேயே சக்கரம் வெறுமனே சுற்ற ஆரம்பிக்கும். அப்போது எவ்வளவு டார்க் இருந்தாலும் உதவாது, டிஃப் லாக்கைப் போட வேண்டியதுதான்.

உயரத்தையும் சொல்லியாக வேண்டும். கடல் மட்டத்தில் ஏற்றிய சரக்கு 1,700 மீட்டருக்கு மேல் இருக்கும் ஜோஹன்னஸ்பர்க் வரை போகிறது. அங்கே காற்றழுத்தம் டர்பனைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இருப்பதால் நடு ஆர்.பி.எம்.மில் பெரிதாகத் தெரியாது. ஆனால் டர்போ முழு வேகம் எடுக்காத 800, 900-ல் எஞ்சினுக்குக் கிடைப்பது அந்த மெல்லிய காற்றுதான். மேட்டுநிலத்தில் சுமையோடு நின்று கிளம்பும்போது வண்டி சோம்பலாக இருப்பதாக ஓட்டுநர்கள் சொல்வது கற்பனை இல்லை. எந்த எஞ்சினில் எவ்வளவு குறையும் என்பது டர்போவின் அளவையும் மென்பொருளையும் பொறுத்தது, பொதுவாக ஒரு எண் சொல்வது ஏமாற்று வேலை. அதேபோல் பிப்ரவரி வெயிலில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஹில்டன் பக்கம் ஏறும்போது விசிறி முழுதாகப் பூட்டிக்கொண்டு சத்தம் போடும். அந்த விசிறி தின்னும் கிலோவாட் அத்தனையும் உங்கள் இழுவையிலிருந்து போகிறது. ரேடியேட்டர் அடைத்திருந்தால் எஞ்சின் கணினி சூட்டைப் பார்த்து டார்க்கைத் தானே வெட்டிவிடும். தாளில் 2,300 என்று இருப்பது அப்போது 1,800 ஆகியிருக்கலாம்.

இதனால்தான் பழைய வண்டியில் விளம்பர எண்ணை நான் அவ்வளவாக மதிப்பதில்லை. இன்டர்கூலர் குழாயில் ஒரு சின்னக் கீறல், தேய்ந்த இன்ஜெக்டர், கசியும் டர்போ, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் அந்த 100 நியூட்டன் மீட்டர் வித்தியாசம் போல இரண்டு, மூன்று மடங்கு காணாமல் போகும். அதுவும் முதலில் போவது கீழ் ஆர்.பி.எம். டார்க்தான்.

சிப் போட்டு (எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றி) டார்க்கை ஏற்றிக்கொள்ளலாமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். எஞ்சின் தாங்கினாலும் அதன் பின்னால் இருப்பவை எல்லாம் ஒரு அளவுக்குத்தான் செய்யப்பட்டவை. டார்க் எண் பெரும்பாலும் கியர்பாக்ஸ் தாங்குவதைப் பார்த்து வைக்கப்படுகிறது. பக்கியில்கூட (பிக்கப் வண்டி) இதைப் பார்க்கலாம். ஹைலக்ஸ் 2.8 எஞ்சின் ஒன்றுதான், 150 கிலோவாட்டும் ஒன்றுதான், தானியங்கி கியரோடு வந்தால் 500 நியூட்டன் மீட்டர், கைமாற்று கியரோடு வந்தால் 420. லாரியில் 2,200-ஐ 2,500 ஆக்கினால் முதல் கியரில் அது ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டில் 15 மடங்காகவும், டிஃப்பைத் தாண்டும்போது 51 மடங்காகவும் வந்து இறங்கும். கிளட்ச் போவது முதல் செலவு. என் பணிமனைக்கு அப்படி வந்த வண்டிகளில் எஞ்சின் நன்றாகவே இருந்தது, உடைந்தது வேறு இடம். யாராவது ஏற்கெனவே சிப் மாற்றியிருக்கிறார்களா என்பதை வாங்கும் முன் கணினி இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏறுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். உயிருக்குப் பெரிய ஆபத்து இறங்கும்போதுதான். 2013 செப்டம்பரில் பைன்டவுன் அருகே ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் ஒரு லாரி நிற்காமல் சந்திப்புக்குள் பாய்ந்து 20 பேருக்கு மேல் இறந்தது இந்த ஊரில் யாருக்கும் மறக்கவில்லை. டார்க் வளைவு இறக்கத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. எஞ்சின் பிரேக்குக்குத் தனி வளைவு உண்டு, அது நேர்மாறாக நடக்கும். ஆர்.பி.எம். கூடக் கூடத்தான் பிடிக்கும், 1,200-ல் அது பாதி வேலைகூடச் செய்யாது. ஏற்றத்தில் 1,100-ல் நிதானமாகப் போகப் பழகிய ஓட்டுநர் இறக்கத்தில் இரண்டு கியர் கீழே போட்டு 1,900, 2,000-ல் வைக்க வேண்டும். எஞ்சினே சத்தம் போடட்டும் என்று விடுகிற மனசு சிலருக்கு வருவதில்லை. இரண்டு வண்டியில் ஒன்றில் ரிடார்டர் (சக்கர பிரேக்கைத் தொடாமலே வேகத்தைப் பிடிக்கும் துணை பிரேக்) இருந்தால் எனக்கு அதுவே பெரிய காரணம், டார்க் விவாதத்தையே அங்கே நிறுத்திவிடுவேன்.

நான் தேர்ந்தெடுப்பதென்றால் முதல் வண்டி. 20 குதிரைத்திறன் கூடுதல் என்பதற்காக இல்லை, இடப்பக்கத்தில் அது தரும் அவகாசத்துக்காக. இரண்டாவதில் டிஃப்பும் 3.4 பக்கமாக இருந்து, 16 கியர் பெட்டியும் ரிடார்டரும் இருந்து, விலையும் குறைந்தால் மனம் மாறுவேன். வண்டியைக் கண்ணால் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது சரியாக இருக்காது. எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டும் முன் இரண்டையும் சேசிஸ் டைனோவில் (சக்கரத்தை உருளையில் சுற்றவிட்டுத் திறனை அளக்கும் கருவி) ஏற்றி, 1,000, 1,200, 1,400, 1,800 நான்கு இடத்தில் சக்கரத் திறனையும் டர்போ அழுத்தத்தையும் எழுதி வாங்குங்கள். விற்பவர் டைனோவுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால், சுமை ஏற்றிய டிரெய்லர் கட்டி மரியன்ஹில் சுங்கச்சாவடியிலிருந்து கீ ரிட்ஜ் வரை ஓட்டிப் பார்க்கவாவது கேளுங்கள். அப்போது ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த கியரில் எந்த ஆர்.பி.எம்.மில் வண்டி பிடித்து நிற்கிறது, விசிறி எப்போது பூட்டுகிறது, வெப்ப முள் எங்கே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பையும் டிஃப் தகட்டில் உள்ள எண்ணையும் இங்கே போட்டால் மேலே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.